நாய்க்குக்கூடப் பெயர் இருந்த படம்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் ஓர் அரையிருட்டு அறையைத் தாண்டினால்தான் வெளியே போகும் வாசல் வரும். சுற்றிப்பார்க்க வந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தள்ளுமுள்ளோடு போய்விட்டார்கள். கெமார் மட்டும் அறையின் வாசலிலேயே நின்றுவிட்டான். அவனை விட்டுவிட்டுப் போக அவன் தோழி மேனுஷாவுக்கு மனம் வரவில்லை.

"நீ போ. என்னால் முடியாது. அவன் என்னையே பார்க்கிறான்," என்றான் கெமார்.

அவன் சொன்னது சுவரில் தொங்கிய பெரிய பழைய ஓவியத்தில் இருந்த சிறுவனை. படத்தின் நடுவே, ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தொந்தியும் தானுமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி, மகள்கள், நாய் எல்லோரும் துரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் தட்டை ஏந்தி நின்ற கறுப்பினச் சிறுவன் மட்டும் படத்துக்கு வெளியே பார்த்தான். இடப்பக்கம் நகர்ந்தாலும் வலப்பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன.

கெமாரின் குடும்பமும் ஜமைக்காவிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கிய கதையை ஆசிரியை காலையில்தான் சொல்லியிருந்தார்.

"அவன் என்னிடம் ஏதோ கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை," என்று கிசுகிசுத்தான் கெமார்.

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணைகிற விளக்கு அது என்று மேனுஷாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன, பயமாகத்தான் இருந்தது. யாரோ மெல்ல மூச்சு விடுவது கேட்டது. கெமாராகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்தில் நின்ற கெமாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் கைகளை வீசிக்கொண்டு உள்ளே ஓடினாள். விளக்கு எரிந்தது. படத்தின் கீழே இருந்த குறிப்பைப் படித்தாள். துரையின் பெயர் இருந்தது. மனைவி, மகள்கள் பெயர்களும் இருந்தன. நாயின் பெயர் பிரின்ஸ். கடைசியில் ‘ஒரு சிறுவன்’ என்று போட்டிருந்தது.

மேனுஷாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "நாய்க்குக்கூடப் பேர் போட்டிருக்கினம்," என்றாள்.

அந்தச் சிறுவனின் பெயரை இனி யாரிடம் போய்க் கேட்பது என்று வாசலில் நின்றபடியே கேட்டான் கெமார்.

மேனுஷா யோசித்தாள். ஹவுன்ஸ்லோவில் அம்மாவோடு இலங்கைத் தமிழர் கடைக்குப் போனால் ஒருவரும் அவள் பெயரைக் கேட்பதில்லை. ‘ஆற்றை பிள்ளை?’ என்றுதான் கேட்பார்கள். யாருடைய பிள்ளை என்று தெரிந்தால் போதும், கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கையில் ஒரு வடையும் வைப்பார்கள். கன்னம் வலிக்கும். வடை நன்றாக இருக்கும்.

"பேர் தெரியாட்டிப் பரவாயில்லை, கெமார். எங்கட ஆக்கள் அதைக் கேக்கவே மாட்டினம். ஆற்றை பிள்ளை எண்டுதான் கேப்பினம். அதுக்கு உன்னால பதில் சொல்ல ஏலும்."

கெமார் மெல்ல மெல்ல உள்ளே வந்து, அந்தச் சிறுவனின் முகத்துக்கு நேரே நின்றான்.

"எங்கள் பிள்ளை," என்றான். சத்தமாகவே சொன்னான்.

இருவரும் கைகோத்துக்கொண்டு அறையைக் கடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பலகைத் தரை ஒருமுறை கிறீச்சிட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்தில் ஆசிரியை தலைகளை எண்ணினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். ஒரு பிள்ளை கூடுதலாக வருகிறதே என்று முணுமுணுத்தார்.

மேனுஷாவும் கெமாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி, நடுவில் இன்னொருவர் உட்கார இடம் விட்டார்கள்.