கங்கோங் டப்பாவுக்கு ஒரு சட்டை

எங்கள் டப்பாவில் இருந்த தண்ணீர் செண்டோல் பானம் போலப் பச்சையாக மாறியிருந்தது. செண்டோல் என்றால் குடித்துவிடலாம். இது நாறியது!

"அலாமா! கார்த்தி, இது கீரை டப்பாவா, தவளைக் குளமா?" என்று மூக்கைப் பொத்தினாள் அடுத்த குழுவின் மலர்விழி.

நாங்கள் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறோம். எங்கள் வகுப்பின் சன்னலோரம் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. மண்ணே கிடையாது. டப்பாவில் சத்துநீர் ஊற்றி, மூடியில் ஓட்டைகள் போட்டு, அவற்றில் கங்கோங் கீரை வளர்க்கிறோம். வேர் தண்ணீரில் தொங்கும்.

மற்ற ஐந்து டப்பாக்களும் கறுப்பு. எங்களுடையது மட்டும் கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தவன் என் குழுவில் இருக்கும் கார்த்திகேசு.

"வேர் வளர்றத எல்லாரும் பாக்கலாம்லா" என்றான். அன்று நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தினமும் ஓய்வு நேரத்தில் வந்து, டப்பாவில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். கார்த்தி பெரிய மனிதன் மாதிரி அவர்களுக்கு விளக்கம் சொல்வான்.

ஒரு திங்கட்கிழமை இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. கார்த்தியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மாதவி டீச்சர் குனிந்து பார்த்தார். "தண்ணிக்குள்ள வெளிச்சம் போகுது. அதான் பாசி பிடிச்சிருக்கு. கீரைக்குப் போட்ட சத்தையெல்லாம் பாசியே சாப்பிடுது. டப்பாவக் கழுவி, வெளிச்சம் போகாம மூடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா எடுத்திடுவேன். நாத்தம் தாங்கல."

ஓய்வு நேரத்தில் கார்த்தி தன் பீஹூன் நூடுல்ஸைத் தொடவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கைதட்டியது நாங்கள் எல்லாரும். பழி மட்டும் அவனுக்கா?

"சாப்பிடு லா. எங்க வாப்பா துணிக்கடை எதுக்கு இருக்கு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என் பெயர் ஃபஹீமா. எங்கள் கடை லிட்டில் இந்தியா கடைத்தெருவில் இருக்கிறது. பள்ளி முடிந்ததும் கடைக்குப் போய், மீதித் துண்டுகளைக் கிளறி, இருப்பதிலேயே மிகக் கறுப்பான துணியை எடுத்தேன். துணியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் டப்பாவைத் தேய்த்துக் கழுவினோம். புதிதாகச் சத்துநீர் ஊற்றி, கறுப்புத் துணியைச் சுற்றிக் கட்டினோம். வெள்ளிக்கிழமை துணியை விலக்கிப் பார்த்தால், சன்னல் பக்கம் மெல்லிய பச்சை படிந்திருந்தது.

"போச்சு" என்றான் கார்த்தி. "விட்டுடு ஃபஹீமா. நானே தூக்கிப் போட்டுடறேன்."

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள கைய வெச்சே, பாத்துக்க!" என்று மிரட்டினேன். ஆனால் என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை கடையில் இருந்தேன். மகளின் பள்ளிச் சீருடைக்கு வெள்ளைத் துணி வாங்க ஓர் ஆன்டி வந்தார். வாப்பா துணிக்கு அடியில் கையை நுழைத்து, வாசல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார்.

"கை தெரியுது பாருங்க அக்கா. லைனிங் போட்டாத்தான் சரிப்படும்."

வாப்பா இப்படிக் காட்டுவதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் இந்தத் தடவை ஓடிப்போய், என் கறுப்புத் துணியில் மீந்த துண்டை எடுத்து வந்தேன். கையை உள்ளே விட்டு வாசல் பக்கம் நீட்டினேன். ஐந்து விரல்களும் தெரிந்தன! கறுப்பாக இருந்ததே தவிர, துணி அத்தனை மெல்லிசு. துணிக்கடைக்காரர் மகள் நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்!

விஷயத்தைச் சொன்னதும் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெளிய சொல்லிடாதம்மா. நம்ம கடை பேரு கெட்டுடும்."

பிறகு நானே ஒவ்வொரு துணியாகக் கையை விட்டுப் பார்த்தேன். கடைசியில், திரைச்சீலைக்குப் பின்னால் தைக்கும் கனத்த லைனிங் துணி கிடைத்தது. வாப்பாவின் கைப்பேசி விளக்கை அடியில் வைத்தபோதும் துளி வெளிச்சம் வரவில்லை.

வெட்டப் போகும்போதுதான் கார்த்தியின் நினைவு வந்தது. கீரை பிழைத்துக்கொள்ளும், சரி. வேரைப் பார்க்க வரும் குட்டிப் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? கார்த்தி யாரிடம் விளக்கம் சொல்வான்?

யோசித்து யோசித்து, துணியின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினேன். அதைவிடப் பெரிய துண்டு ஒன்றைக் கதவு போல மேலே வைத்து, வெல்க்ரோ பட்டையால் மூடித் திறக்கும்படி செய்தேன். உம்மா எல்லாவற்றையும் மெஷினில் தைத்துக் கொடுத்தார்கள். டப்பாவுக்குச் சட்டையும், மூடிக்குச் செடிகள் எட்டிப் பார்க்க ஓட்டைகள் வைத்த ஒரு தொப்பியும் தயார்!

திங்கட்கிழமை டப்பாவை மறுபடி கழுவினோம். செடிகளை வாளியில் விட்டு, மூடியின் ஓட்டைகளைக் கந்தல் துணியால் அடைத்தோம். காலி டப்பாவுக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டு, சட்டையையும் தொப்பியையும் போட்டோம். டீச்சர் திரைகளை இழுத்துவிட்டு வகுப்பு விளக்கை அணைத்தார்.

"இங்க ஓரத்துல ஒழுகுது!" என்று கத்தினாள் மலர்விழி. தையல் ஓரத்தில் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தது. கேலி செய்தவளே தன் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து ஒட்டினாள். அதன் பிறகு எங்கும் வெளிச்சம் இல்லை. புதுச் சத்துநீர் ஊற்றிச் செடிகளைத் திரும்ப நட்டோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. டீச்சர் டப்பாவின் முன்னால் வந்து நின்றார். கார்த்தி சட்டையின் கதவைப் பிரித்தான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. வெள்ளை வெளேரென்று புது வேர்கள் இறங்கியிருந்தன. மேலே இரண்டு இளம் இலைகள் எட்டிப் பார்த்தன.

டீச்சர் மோந்து பார்த்தார். "நாத்தமே இல்லயே! இங்கயே இருக்கட்டும்."

கார்த்தி துள்ளிய துள்ளலில் ஒரு நாற்காலி சாய்ந்தது.

ஓய்வு நேரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். கார்த்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "பத்து எண்ணுற வரைக்கும்தான் கதவு திறந்திருக்கும். அப்புறம் மூடிடுவேன். நீங்களே எண்ணணும், சரியா?"

முதலில் நின்ற ரெட்டைச் சடைக்காரி மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். எட்டு வரை ஒழுங்காகத்தான் எண்ணினாள்.

"ஒம்பது... ஒம்பதே கால்... ஒம்பதர..."

கார்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பத்து வரும்வரை காத்திருந்தான்.