படகுக்கும் ஒரு பங்கு

மாலை ஜெபம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஜெனிதா அத்தை முட்டிபோட்டபடியே இருந்தாள். ஜாஸ்மின் கிட்டே போய்ப் பார்த்தாள். அத்தையின் கண்கள் மாதா படத்தில் இல்லை. தரையில் விரித்திருந்த ஒரு தாளில் இருந்தன.

“இன்னா அத்தை அது?”

“எனக்கே புரியல ஜாஸு.”

அத்தை கணக்கில் பட்டம் வாங்கியவள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டும் என்று இப்போது பி.எட். படிக்கிறாள்.

பட்டினப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வராந்தாவில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா லூர்துசாமி தலையைத் தூக்கினார். “மூணு வருசம் டிகிரி, ரெண்டு வருசம் இது, அப்பால ஒரு தகுதித் தேர்வு. எட்டாங்கிளாஸ் கணக்குக்கு இம்மாம் படிப்பா? உனக்குத்தான் கணக்கு தெரியுமே!”

“கணக்கு தெரிஞ்சா போதாதுண்ணா. சொல்லித்தரத் தெரியணுமாம்.”

“ரெண்டும் ஒண்ணு இல்லியா?” என்று அப்பாவும் குழம்பிப் போனார்.

பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போகும் முன், கல்லூரியில் ஆறு நிமிடப் பாடம் ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். கூடப் படிப்பவர்களே பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பார்கள். அத்தை பின்னம் நடத்தினாள். பேராசிரியை அந்தத் தாளில், ‘எடுத்துக்காட்டு பொருந்தவில்லை. மீண்டும் செய்க’ என்று எழுதிவிட்டார். நாளைதான் கடைசி வாய்ப்பு. அதுவும் தவறினால் பயிற்சிக்குப் போக முடியாது. ஒரு வருடம் வீண்.

“நீ இன்னா எடுத்துக்காட்டு சொன்னே?”

“ஒரு பீட்சாவை நாலு பேருக்குப் பிரிச்சேன். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. படம்கூட வரைஞ்சேன். இதுல எங்க தப்பு?”

ஜாஸ்மின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தையின் கண் கலங்கியிருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“இரு அத்தை, நான் உனக்குப் பசங்களக் கூட்டினு வரேன்!”

ஐந்தே நிமிடத்தில் வராந்தாவில் வகுப்பு கூடிவிட்டது. முதல் வரிசையில் அப்பாவும் அம்மா தேசம்மாவும். அடுத்த வரிசையில் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, கழுவிய மீன் கூடையோடு.

“டீச்சர், தண்ணி குடிக்கப் போவட்டா?” என்றாள் புஷ்பம் அக்கா.

“இப்பத்தானே வந்தே? குந்து!” என்று அம்மா அதட்டினாள்.

அத்தை சாக்கட்டியால் தரையில் பீட்சாவை வரைந்தாள். வகுப்பு அதை உற்றுப் பார்த்தது.

“இன்னாது அது, அப்பளமா?” என்று கேட்டார் அப்பா.

“அத்தை, நீ பீட்சா சாப்பிட்டுக்கிறியா?” என்றாள் ஜாஸ்மின்.

அத்தை யோசித்தாள். “இல்ல. புத்தகத்துல போட்டிருந்தது.”

“அப்போ இவங்களுக்குத் தெரிஞ்சதக் கேளேன்.”

அத்தை படத்தை அழித்தாள். “சரி. நாலு பேர் ஒரு படகுல போறாங்க. புடிச்ச மீனைச் சமமாப் பங்கு போட்டா, ஒரு ஆளுக்கு எவ்ளோ?”

“ஆறுல ஒண்ணு!” மூன்று குரல்களும் சேர்ந்து வந்தன.

“தப்பு. நாலுல ஒண்ணு.”

“இன்னா ஜெனி, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு கிடையாதா? மீனவன் வீட்டுப் பொண்ணு பேசற பேச்சா இது?” என்றார் அப்பா.

அத்தை சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “படகு உன்னுதுன்னா?”

“எனக்கு ரெண்டு பங்கு. ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு.”

“ஆறில் ரெண்டு. அப்படின்னா மூணில் ஒண்ணு!”

“தெனமும் பண்றோமே, இதுக்குப் பேருதான் பின்னமா?” என்று புஷ்பம் அக்கா வாயைப் பிளந்தாள்.

அத்தையின் முகம் மறுபடி வாடியது. “ஆனா ஜாஸு, காலேஜ்ல இருக்கறவங்களுக்குப் படகு தெரியாதே?”

“அவங்க வீட்ல எதைப் பங்கு போடுவாங்கன்னு மொதல்ல அவங்களையே கேளு அத்தை. எங்களக் கேட்ட மாதிரி.”

மறுநாள் மாலை ஜாஸ்மின் படிக்கட்டிலேயே காத்திருந்தாள். அத்தை இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

“மொதல்ல அவங்களைத்தான் கேட்டேன். விடுதியில நாலு பேருக்கு ஒரு வாளி சுடுதண்ணின்னு கூடப் படிக்கற நிரஞ்சன் சொன்னான். அப்படியே பாடம் ஓடிச்சு! கடைசியா நம்ம படகையும் சொன்னேன்.”

அத்தை நீட்டிய தாளில் பேராசிரியையின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி.

“ஐயோ, மறுபடி தப்பா?” என்று வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துப் பதறினார் அப்பா.

ஜாஸ்மின் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “வலைக்கு எதற்குப் பங்கு? எனக்கும் சொல்லவும்.”

“கிழிஞ்சா தைக்க வேணாமா?” என்றார் அப்பா. வலையில் நேற்று தைத்தது போக இன்னும் ஒரு பெரிய கிழிசல் மிச்சமிருந்தது. அது இருந்த துண்டை மட்டும் அறுத்து, கிழிசல் மேலே தெரியும்படி மடித்து, அத்தையின் புத்தகப் பையில் பத்திரமாக வைத்தார்.