ஜூலியா மீறிய சத்தியம்

அக்கா ஆஞ்சலா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டியபோது ஜூலியா ஏன் என்று கேட்கவே இல்லை. அக்காவின் மனசு மாறுவதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் வண்ணப் பேனாக்கள் வந்தன. அதற்கு மறுநாள், யாரையும் தொடவிடாத நீலச் சட்டை. அப்போதுதான் பதினொரு வயது ஜூலியாவுக்குச் சந்தேகம் வந்தது.

ஆஞ்சலா பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. சர்ச்சில் பாடப் போவதையும் நிறுத்திவிட்டாள். அம்மா அதைப் பரீட்சைக் கவலை என்று நினைத்தார். அப்பா லாரியோடு ஹுப்பள்ளி போயிருந்தார்.

மாலை நாலரை மணி. நீலசந்திரா பகுதியிலிருந்த அந்தச் சின்ன வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் ஏன்க்கா எனக்குக் கொடுக்கறே?"

ஆஞ்சலா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "இனிமே எனக்கு வேண்டாம் ஜூலி. நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லது." பிறகு திரும்பி, "அம்மாகிட்ட சொல்லாதே. சத்தியம் பண்ணு" என்றாள்.

பயத்தில் ஜூலியாவின் தலை தானாக ஆடிவிட்டது.

சத்தியத்தை மீறுவது பாவம் என்று ஞாயிறு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அக்கா இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து வர ஏழாகும். வேலை நேரத்தில் அவருடைய போன் பெட்டியில் பூட்டியிருக்கும். யாரையாவது கூட்டிவர ஓடலாம் என்றால், அக்காவைத் தனியே விட்டுப் போகக் கால் வரவில்லை.

ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, வாசலில் நின்று எதிர்வீட்டு உஷா ஆன்ட்டியைக் கூப்பிட்டாள். அந்த வீட்டுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. கடைசியில் தன் செருப்பை எடுத்து அந்தக் கதவின்மேல் எறிந்தாள்.

உஷா ஆன்ட்டி கோபமாகத்தான் வந்தார். ஜூலியாவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அவர் வார்டு சுகாதார மையத்திலிருந்து வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கும் ஆஷா பணியாளர். ஜூலியா கிசுகிசுத்த எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஆஞ்சலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?"

இவ்வளவு நேராக அவர் கேட்டது ஜூலியாவைத் தூக்கிவாரிப் போட்டது. ஆஞ்சலா ஆமென்று மெல்லத் தலையசைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகையின் நடுவே தங்கையைப் பார்த்தாள்.

"உன்னை நம்பித்தானே சொன்னேன்."



உஷா ஆன்ட்டி இடத்தை விட்டு எழாமலே தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அரை மணியில் அம்மா, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆட்டோவில் வந்து இறங்கினார். அதே ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மனநல மருத்துவர் வீணா ஆஞ்சலாவிடம் தனியாக நீண்ட நேரம் பேசினார். இதுவும் ஒரு நோய்தான், குணப்படுத்தலாம் என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். மாத்திரை உண்டு, வாராவாரம் வந்து பேச வேண்டும், இப்போதைக்கு யாராவது கூடவே இருக்க வேண்டும். தன்னால்தான் இப்படி ஆனதா என்று அம்மா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் மருத்துவர் இல்லை என்றார்.

அதன் பிறகு ஒன்பது நாள் ஆஞ்சலா தங்கையிடம் பேசவில்லை. சட்னிக் கிண்ணம் வேண்டுமென்றால்கூட அம்மாவைத்தான் தூது அனுப்பினாள். ஜூலியாவுக்கு அழுகையாக வரும். ஆனால் காலையில் கண் விழித்ததும் முதலில் பக்கத்துப் பாயைத்தான் பார்ப்பாள். அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள். அது போதும்.

பத்தாம் நாள் மாலை. வேலைக்கு லீவு போட்டிருந்த அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். ஜூலியா கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஞ்சலா தானாக அருகில் வந்தாள்.

"ஜூலி, இன்னைக்கு எனக்குச் சரியில்லை. டாக்டருக்குப் போன் பண்ணணும். அம்மா வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கியா?"

ஜூலியா கணக்கு நோட்டை மூடிவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.