ஒட்டுதுன்னு எழுது

பிணத்தின் சட்டைப் பையில் பொத்தான் இல்லை.

அறுந்திருந்தது. நூல் மட்டும் தொங்கியது.

உப்பளம் பழைய துறைமுகத்து ஓரம். மீனவர்கள் கரைக்கு இழுத்துப் போட்டிருந்த உடல். லூதோவிக், வயது நாற்பத்தொன்று, விஞ்ஞானி.

"தற்கொலை மாதிரி தெரியுதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் அஞ்சலாட்சி.

சபின் அழவில்லை. கணவனின் பையையே பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் இதுல ஒரு கவர் வச்சு, நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன்."

"தண்ணியில போயிருக்கும்."

"பொத்தானைத் தண்ணி அறுக்காது, மேடம்."

அஞ்சலாட்சி குனிந்து நூலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"கவர்ல என்ன?"

"நம்பருங்க. வெறும் நம்பருங்க. தற்கொலைன்னே வெளிய சொல்லிக்குங்க. எனக்கு ஒரு மாசம் போதும்."

லூதோவிக் பத்து வருஷமாகக் கேட்டது ஒரே கேள்வி. பாறையைப் பிடித்த ஆளிச் சிப்பி, எந்த அலைக்கும் விடுவதில்லையே... எப்படி?

அந்தக் கேள்விக்கு வந்துகொண்டிருந்த அரசு நிதி நின்றது. மருந்துக் கம்பெனி ஒன்று நுழைந்தது. அதற்குக் கேள்வி வேண்டாம். தையல் போடாமல் காயத்தை ஒட்டும் பசை வேண்டும். மார்ச்சுக்குள் வேண்டும்.

"ஈரத்துல மூணாம் நாள் விட்டுடுது சார். ஏன்னு தெரியணும். ரெண்டு வருஷம் குடுங்க," என்று லூதோவிக் கெஞ்சியது சபினுக்கு நினைவிருந்தது.

ஆய்வகத் தலைவர் தெய்வசிகாமணி சிரித்தார்.

"எப்படி ஒட்டுதுன்னு கேக்காதப்பா. ஒட்டுதுன்னு எழுது."

லூதோவிக் எழுதவில்லை.

மிச்சமிருந்தது கடைசிச் சோதனை. நாற்பது சீசா. இருபதில் பசை. இருபதில் அதே நிறத்தில் உப்புத் தண்ணீர். அளப்பவருக்கு எது எதுவென்று தெரியக்கூடாது, நம்பர் மட்டும்தான். சீசாக்களை நிரப்பியவள், ஸ்டோர் பார்க்கும் சபின். பசை எந்தெந்த நம்பர் என்ற பட்டியலை அரக்கு வைத்து நொத்தேர் ஜான்-பத்திஸ்த்திடம் கொடுத்தாள். ஊர்ப் பத்திரங்களையெல்லாம் காப்பவர் அவர். ஒட்டிய கவரில் ஒரு நகல், லூதோவிக்கின் சட்டைப் பையில்.

அவன் செத்தபின் அளவெடுத்து எழுதியவர் தெய்வசிகாமணி.

இருபத்தெட்டு நாள் கழித்து, கடற்கரைச் சாலை ஹோட்டல். காலை பதினொரு மணி. நிருபர்கள், கம்பெனிக்காரர்கள். மூன்றாவது வரிசையில் சேலை கட்டிய அஞ்சலாட்சி.

"இருபது சீசா கெட்டியா ஒட்டிச்சு. இருபது ஒட்டல. இதோ திரையில நம்பருங்க," என்றார் தெய்வசிகாமணி. "எது பசைன்னு எனக்கே இன்னும் தெரியாது. நொத்தேர் ஐயா, உடைங்க."

ஜான்-பத்திஸ்த் அரக்கை உடைத்தார்.

"பசை உள்ளவை. மூன்று... நான்கு... ஒன்பது..."

திரையில் மூன்று, 'ஒட்டவில்லை.' நான்கு, 'ஒட்டவில்லை.' ஒன்பது...

இருபதும் அப்படியே.

"அப்ப உப்புத் தண்ணிதான் ஒட்டுதா சார்?" பின்வரிசை நிருபர் ஒருவர் சிரித்தார்.

தெய்வசிகாமணியின் முகம் வெளுத்தது. "பட்டியல் தப்பு... மாத்திட்டாங்க..."

"மாத்தினது இது இல்லீங்க," சபின் எழுந்தாள். "அவர் பையில இருந்த நகல்தான். அதுல பசைன்னு நான் எழுதினதெல்லாம் உப்புத் தண்ணி. அவருக்கே தெரியாது. பொய் சொல்ல வராது அவருக்கு. நீங்க பிடுங்கப் பார்ப்பீங்கன்னு தெரியும். அதான் பொய்யை அவர் பையில வச்சேன்."

அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

"ஒண்ணுத்துக்கும் ஆகாத காகிதம், சார். அதைக் குடுக்க மாட்டேன்னுதானே செத்தாரு?"

"நான்... நான் ஊகிச்சேன்..."

"நாப்பதுல இருபது. ஒண்ணு விடாம, அந்தப் பொய்ப் பட்டியல் மாதிரியேவா?" அஞ்சலாட்சி பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். "அந்தப் பொத்தானை அறுத்தவனைத் தவிர வேற யாரும் அதைப் பார்த்ததில்ல சார்."

விலங்கு மாட்டியது. தெய்வசிகாமணி கையை உதறினார். திருகினார்.

"விடுங்க... இது எப்படி..."

சபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படின்னு கேக்காதீங்க சார். ஒட்டிச்சுன்னு எழுதிக்குங்க."