ஒன்பதாம் எண் பை

காலிப் பைக்கு எடை ஒன்றரைக் கிலோ. எட்டுப் பைகளையும் ஒவ்வொன்றாக எடை மெஷினில் வைத்து, முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டே வந்தவள், சுவரோரம் ஒன்பதாவதாகவும் ஒன்று சாய்ந்திருப்பதைக் கண்டு, யோசிக்காமல் அதையும் தூக்கி வைத்தாள். முள் நான்கில் நின்றது. ஜிப்பைத் திறந்து அடிவரை துழாவினாள். ஒன்றுமில்லை. துணி மட்டும் ஈரமாக, குளிர்ந்து, ஆற்றுச் சேற்று வாடை அடித்தது. மறுபடி வைத்தாள். ஏழு.

அப்போதுதான் மேல்மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த ஒன்பது என்ற எண்ணைப் பார்த்தாள்.

"இதை யாரு வெளிய எடுத்தது?"

"நான்தாம்மா," என்றார் வாட்ச்மேன். "ஸ்டோர்ல இருக்கிற பையெல்லாம் எடுத்து வைங்கன்னீங்க, எடுத்தேன். இப்ப ஏன் எடுத்தேன்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?"

"ஈரமா இருக்கே."

"ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த ரூம்மா அது. அங்க கிடந்தா நானே பூஞ்சை பிடிச்சிருப்பேன்."

மெஷின் பழசு, தான் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையைத் திரும்ப ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கையில் மட்டும் நெடுநேரம் சேறு நாறியது.

அது ஆமையின் பை. ஆமை என்று கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிச் சிரிக்கும் பதினாலு வயதுச் சிறுமி. எப்போதும் வரிசையில் கடைசி. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பைக்கு இரண்டு கால் முளைத்து நடப்பதுபோல் இருக்கும். போன வருஷப் பயிற்சி நடையில், கொட்டும் மழையில், பைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மழை உறை மாட்டியிருந்தது. ஆற்றைக் கடந்ததும் தலைகளை எண்ண வேண்டும் என்பது விதி. பிள்ளைகளைக் கூட்டிப்போனவள் இவள்தான்; வரிசைக்குப் பின்னால் நின்று ஆரஞ்சு உறைகளை எண்ணினாள். ஒன்பது. நோட்டில் ஒன்பது என்று எழுதினாள். ஆமை சிரமப்படுகிறாளே என்று பெரிய பையன் ஒருவன் அவள் பையையும் இன்னொரு தோளில் மாட்டிக்கொண்டு வந்தது கூடாரம் அடிக்கும்போதுதான் தெரிந்தது. ஆமை வந்து சேரவே இல்லை, அதற்குள் ஆறு பெருகிவிட்டது. பத்து நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"தலையை எண்ணினியாம்மா?" என்று விசாரணையில் கேட்டார்கள். எண்ணினேன் என்றாள். நோட்டும் அதையே சொன்னது.

நாளைக் காலை இந்த வருஷப் பயிற்சி நடைக்கு எட்டுப் பேர் கிளம்புகிறார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி.

மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் கூடம் நிறைந்தது. தூங்கும் பை, துணி, தண்ணீர், டார்ச் என்று அவள் பட்டியலை வாசிக்க வாசிக்கப் பைகள் உப்பின. எல்லோரையும் பை இல்லாமல் ஒருமுறை, பையோடு ஒருமுறை மெஷினில் ஏற்றினாள். குண்டூசி என்று பேர் வாங்கிய தம்பிக்கு நாற்பத்தெட்டுக் கிலோ. பையோடு ஏற்றக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம்.

ஸ்டோர் ரூம் பக்கத்திலிருந்து வந்தான். முதுகில் வேறு பை.

"என் பைக்குப் பட்டை அறுந்துடுச்சுக்கா. எல்லாத்தையும் இதுல மாத்திட்டேன். பஞ்சு மாதிரி இருக்கு."

"அது வேணாம். கழட்டு."

"ஏன்?"

எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"கொக்கி சரியில்ல."

"நல்லாத்தான் இருக்கு. நீ பயந்துகிட்டே இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?" பையன்கள் சிரித்தார்கள். அவன் தானே மெஷினில் ஏறி நின்றான்.

பையோடு சேர்த்துச் சாமான் பதினோரு கிலோ. எல்லாமாக அறுபதுக்குள் இருக்க வேண்டும். முள் நிதானமாக ஏறியது. எழுபது. எண்பது. தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"மெஷின் புட்டுக்கிச்சுடா," என்றான் ஒருவன்.

அவள் நோட்டில் கழித்துப் பார்த்தாள். நாற்பது கிலோ மிச்சம். பழைய பக்கத்தைப் புரட்டினாள். ஆமை: நாற்பது.

"தம்பி, இப்பவே கழட்..."

விளக்கு அணைந்தது.

அவள் போட்ட திட்டம்தான். சரியாக ஏழரைக்கு வாட்ச்மேன் இரண்டு நிமிடம் விளக்கை அணைக்க வேண்டும். பிள்ளைகள் இருட்டில் மழை உறை மாட்டி, வரிசையில் நின்று பழக வேண்டும். ஜிப் சத்தம். சிரிப்பு. "டேய், என் காலுடா." வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

சொட்டு. சொட்டு. தரையில் தண்ணீர்.

"தம்பி."

"என்னக்கா." குரல் தூரத்திலிருந்து வந்தது. துணிக்குள்ளிருந்து.

"கழட்டிடுடா."

"வரலக்கா. இறுக்குது."

சேற்று வாடை. தொண்டைவரை. அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை இருட்டிடம் சொன்னாள்.

"நான் தலையை எண்ணல. பையைத்தான் எண்ணினேன். அவனை விட்டுடு."

சொட்டு நின்றது.

விளக்கு வந்தது.

வரிசை. அவளுக்கு முதுகு காட்டி. ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு.

"திரும்புங்க. எல்லாரும்."

திரும்பினார்கள். முகங்களை விரல் நீட்டி எண்ணினாள். ஏழு.

கடைசியில் தம்பியின் ஷூக்கள். திரும்பித்தான் இருந்தன; முனைகள் அவளைப் பார்த்தபடி. அவள் கட்டிவிட்ட நீல லேஸ். அதற்கு மேலே ஆரஞ்சு. முதுகு இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு. முகம் இருக்க வேண்டிய இடத்திலும். ஈரமாக. மெல்ல உப்பி, மெல்ல அடங்கி.

பைகளை எண்ணினாள்.

எட்டு. சரியாக இருந்தது.