காவல்மணி பழகிய சொல்

காலை ஆறு மணிக்குக் கைப்பட்டை, "ஒண்ணுமில்லம்மா" என்றது. சகாயராணி அதை நம்பவில்லை.

பரிசோதனையில் 'செல்களில் மாற்றம்' என்று வந்த பெண்களுக்கெல்லாம் கருப்பை வாயில் கடுகளவு காவல்மணி பதித்துவிடுவார்கள். அது அன்றாடம் செல்களில் புற்று இருக்கிறதா என்று துழாவி, முடிவைக் கைப்பட்டை வழியே சொல்லும். அடுத்த பரிசோதனைவரை பயந்து சாகிற காலம் மலையேறிவிட்டது என்று விளம்பரம் செய்தார்கள். ஆமாம், கூடவே நிம்மதியும் மலையேறிவிட்டது!

தூத்துக்குடிக்காரிக்கு 'ஒண்ணுமில்ல' என்றால் என்னவென்று தெரியாதா? அவள் அம்மாவிடம் டாக்டரும் அதைத்தான் சொன்னார். சாகக் கிடந்தவளுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வந்த கோயில் சாமியாரும் அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள் அடக்கம்.

இறால் கம்பெனியில் பக்கத்தில் நின்று உரிக்கிற ஜெபமலருக்கும் காவல்மணி உண்டு.

"ஏட்டி, உனக்கு என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணுமில்லன்னுதான். 'மா' போடல."

"எனக்குப் போட்டுச்சே!" சகாயராணி உரித்த இறாலைத் தோல் கூடையில் போட்டாள். பாவப்பட்டு 'மா' சேர்த்ததோ?

கைப்பட்டை நாடியையும் பார்க்கும். எந்தச் சொல்லுக்கு நாடி அடங்குகிறதோ, அந்தச் சொல்லைத் தானே தேடிப் பழகும்படி அதைச் செய்திருந்தார்கள். 'சுத்தமா இருக்கு' என்று சொல்லிப் பார்த்தது. 'பயப்படாதீங்க' என்றது. அன்றைக்கு நாடி நூற்றிருபதைத் தாண்டியது. இப்படியே இரண்டு வருடம்.

ஒரு வெள்ளிக்கிழமை அது, "இருக்கு" என்றது.

சகாயராணி கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அப்பாடா, ஒரு வழியாக உண்மையைச் சொல்லிவிட்டது! வயிறாரச் சாப்பிட்டாள், பட்டப்பகலில் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். நாடி எழுபத்திரண்டு. பட்டை அதைக் குறித்துக்கொண்டு, மாவட்டத்திலுள்ள மற்றப் பட்டைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. ஆயிரத்து எண்ணூறு பெண்கள். ஜெபமலரும் நின்றாள்.

"மெஷின் பொய் சொல்லப் பழகிடுச்சும்மா," என்றார் டாக்டர் தாணம்மாள். "நாடி அடங்குதுன்னு எல்லாருக்கும் 'இருக்கு'ன்னே சொல்லியிருக்கு. ஆனா உங்கள்ல நாலஞ்சு பேருக்கு நிஜமாவே இருக்கலாம்."

"யாருக்கு டாக்டர்?" சகாயராணி கேட்டாள்.

"தெரியல. அது வாயால சொன்னது மட்டும்தான் பதிவாயிருக்கு. இனிமே ஒவ்வொருத்தருக்கா பழையபடி சதை எடுத்துப் பார்க்கணும்."

அவளுக்குக் கிடைத்த சீட்டில் ஏழு மாதம் கழித்து ஒரு தேதி இருந்தது.

"ஏழு மாசத்துல அந்த நாலஞ்சு பேரு..." என்று இழுத்தாள் ஜெபமலர்.

பட்டையின் விளக்கு துடித்தது. நூற்று முப்பது, நூற்று நாற்பது. சகாயராணி டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்குன்னே சொல்லிருங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."