அப்பா அனுப்பிய இரண்டு வரி

ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ரெக்ஸ்லினும் தங்கை அஸ்மியும் காலையிலேயே கிளம்பினார்கள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. வெள்ளைமுனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதா கோயில், கலங்கரை விளக்கம், ஆமைப்பாறை ஆகியவற்றைத்தான் அவர்களும் பார்க்கப் போனார்கள். என்ன, மற்றவர்கள் பையில் தொப்பியும் முறுக்கும் இருந்தன. ரெக்ஸ்லின் பையில் ஒரு கடிதமும், மண் தோண்ட ஒரு இரும்புக் கரண்டியும் இருந்தன.

கடிதம் என்று அதைச் சொல்லலாமோ என்னவோ! அம்மா இறந்த பிறகு பிள்ளைகள் கோவையில் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தார்கள். கடல்தொழில் செய்த அப்பா எப்போதாவது போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி. போன வருஷம் திடீரென்று தபாலில் இது வந்தது. அன்புள்ள மகளே என்று இல்லை, நலமா என்று இல்லை.

‘மாதா கோயில் சிலுவை, விளக்குக்கு இடப்பக்கம் ஒட்டி. ஆமைப்பாறை மூக்கு, மலைப் பிளவுக்கு நேர். அங்க இருக்கு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாத.’

ரெக்ஸ்லினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதில் போடவில்லை. மூன்றாவது வாரம் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு வரி அவளைத் தூங்கவிடவில்லை. என்ன வைத்துவிட்டுப் போனார்? நேற்றுதான் முதலாண்டுப் பூசை முடிந்தது. நாளைக் காலையில் ரயில். தேட இன்று ஒரு நாள்தான் இருந்தது.

கோயில் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பொந்தில் ஒரு புறாக்கூடு கிடைத்தது. கலங்கரை விளக்கத்தின் இடப்பக்கச் செடியடியில் தோண்டியபோது காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல டிக்கெட் வாங்கி, மேலே ஏறி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நல்ல காட்சிதான், ஆனால் யாருக்கு வேண்டும் அது!

மத்தியானம் ஆமைப்பாறை. முட்டளவுத் தண்ணீரில் இறங்கித் தொற்றி ஏறினார்கள். ஒரு பெரிய அலை வந்து அஸ்மியின் காலை வாரிவிட்டது. ரெக்ஸ்லின் பாய்ந்து அவள் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். முழங்கை சிராய்த்த அஸ்மி, புதையலும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அழுதாள்.

அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே கரையைப் பார்த்த ரெக்ஸ்லின் சட்டென்று நின்றாள். முன்னால் கலங்கரை விளக்கம், தூரத்தில் கோயில் சிலுவை. அவள் பாறையில் நடக்க நடக்க, இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி குறைந்தது. பாறை முடிந்துவிட்டது. இன்னும் போனால்? கடல்தான்.

“நாம அடையாளத்துக்கிட்டயே தேடியிருக்கோம் அஸ்மி. அப்பா அங்க தேடச் சொல்லல. அதெல்லாம் சேர்ந்து தெரியற இடத்துக்குப் போகச் சொல்லியிருக்கார்.”

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சித்தப்பா தாசன், அவள் நீட்டிய கடிதத்தில் முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் மடித்து அவள் கையிலேயே திணித்துவிட்டார்.

“இது கணியம் மக்களே. கரையில உள்ள அடையாளத்த வச்சு ரெண்டு நேர்கோடு பிடிச்சா, அது ரெண்டும் வெட்டுற எடத்துல கடலுக்கு அடியில பாறை இருக்கும். மீன் அங்கதான் கெடக்கும். ஒனக்க அப்பன்கூட ஒரே வள்ளத்துல இருவது வருசம் போனேன். அந்த எடம் வந்தா என்ன மொகத்துல துண்டப் போட்டுப் படுக்கச் சொல்லுவான். எனக்கிட்ட வாசிக்காத.”

ஆனாலும் வள்ளத்தைத் தள்ளினார். எஞ்சினைப் பிடித்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்தவர் ஒரு தடவைகூடக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே கரையைப் பார்த்து உட்கார்ந்த ரெக்ஸ்லின் வழி சொன்னாள். அவள் இடது என்றால் அவருக்கு வலது. சிலுவை நெருங்குவதற்குப் பதில் விலகி ஓடியது. கொஞ்ச நேரம் இப்படித் திண்டாடிய பிறகு அவள் கையை நீட்டிக் காட்டத் தொடங்கினாள். சிலுவை மெல்ல நகர்ந்து கலங்கரை விளக்கத்தின் இடப்பக்கம் ஒட்டியது. ஆமைப்பாறையின் மூக்கு, ஊருக்குப் பின்னாலிருந்த மலைப் பிளவுக்குள் போய் நின்றது.

“இங்கதான்” என்றாள்.

சித்தப்பா கொடுத்த தூண்டிலை அஸ்மி இறக்கினாள்; அதன் ஈயக்குண்டு அடியிலிருந்த பாறையில் தட்டியது. அஸ்மியின் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று இழுபட்டது. மூன்று பேருமாக இழுத்துப் போட்டது முழங்கை நீளத்துக் கலவா மீன்!

அஸ்மி கைதட்டிச் சிரித்தாள். ரெக்ஸ்லின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை எழுதலையே என்று நினைத்தேன் சித்தப்பா, என்றாள்.

“கணியத்த எழுதி வச்சவன் இந்தக் கரையில ஒருத்தனும் கெடையாது. கூடப் பொறந்தவனுக்கே சொல்லாததை ஒனக்கு எழுதியிருக்கான். வேற என்ன எழுதணும் மக்களே?”

அப்போதும் அவர் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார். நாளை அவள் கோவையில் இருப்பாள். கடலில் இருக்கப் போவது சித்தப்பா. அப்பா, இதுக்கு என்னைத் திட்டிக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“சித்தப்பா, திரும்பிக் கரையைப் பாருங்க.”

அவர் உடனே திரும்பவில்லை. தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு திரும்பி, சிலுவையையும் பாறையையும் நெடுநேரம் பார்த்தார்.

சாயங்காலம் ஏழு கலவாக்களோடு கரையேறியபோது ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை மீன் எந்த எடத்துல கெடச்சுது என்று கேட்டார்கள். சித்தப்பா குனிந்து தூண்டில் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அஸ்மி அக்காவைப் பார்த்தாள்.

“எங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள் ரெக்ஸ்லின். “நாங்க ஊரைச் சுத்திப் பார்க்கத்தான் வந்தோம்.”